டக்ஸ்ஃபோர்டில் பழைய போர் விமானங்கள்: முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்கள் பறப்பதைக் கண்ணால் பார்க்க ஐரோப்பாவில் டக்ஸ்ஃபோர்டைவிடத் தோதான இடம் அதிகம் இல்லை. லண்டனுக்கு வடக்கே சுமார் 75 கி.மீ. தொலைவில், கேம்பிரிட்ஜ் நகருக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கும் பழைய விமானப்படைத் தளம் இது. 1938 ஆகஸ்ட்டில் பிரிட்டிஷ் விமானப்படையின் 19ஆம் ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) முதல் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தைப் பெற்றுக்கொண்டது இங்கேதான். 1943இல் அமெரிக்கர்களின் 78ஆவது ஃபைட்டர் குரூப் வந்து தங்கியது. இப்போது இம்பீரியல் வார் மியூசியத்தின் கிளை. கோடையில் ஒன்றிரண்டு, செப்டம்பரில் 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' பெயரில் ஒன்று என்று பெரிய ஏர் ஷோக்கள் நடக்கும். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

புதிதாக வருகிறவர்களில் பலர் நடுவில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மாலைவரை வானத்தையே பார்த்துவிட்டு, கறுப்பு நிழலாக விழுந்த நூறு படங்களோடு வீடு திரும்புவார்கள். இரண்டு விஷயம் தெரிந்திருந்தால் இது நடக்காது. ஒன்று, பாதி நிகழ்ச்சி தரையில் நடக்கிறது. இரண்டு, எங்கே நிற்பது என்பதைக் காற்றும் சூரியனும்தான் முடிவு செய்கின்றன.

டிக்கெட்டும் பயணமும்

டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். ஷோ நாளில் வாசலில் கிடைக்கும் என்று நம்பிப் போய் ஏமாறாதீர்கள். ஷோ டிக்கெட்டிலேயே மியூசியமும் அடக்கம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நடந்தால், ஒரு நாள் போதும் என்பவர்கள் வானிலை முன்னறிவிப்பு வரும்வரை காத்திருந்து தேர்ந்தெடுக்கலாம். கூட்டம் அதிகம் சேரும் செப்டம்பர் ஷோவுக்கு மட்டும் இந்தத் தந்திரம் ஆபத்து, டிக்கெட் தீர்ந்துவிடலாம்.

காரில் வந்தால் எம்11 சாலையில் 10ஆம் சந்திப்பு. இறங்கியதும் ஏ505, அங்கிருந்தே நெரிசல் தொடங்கிவிடும். காலை 9 மணிக்குள் உள்ளே இருப்பதாகத் திட்டமிடுங்கள். ரயில் என்றால் லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து கேம்பிரிட்ஜ் போகும் பாதையில் விட்டில்ஸ்ஃபோர்டு பார்க்வே நிலையம். அங்கிருந்து தளம் சுமார் 3 கி.மீ. அன்றைக்கு இணைப்புப் பேருந்து ஓடுகிறதா என்று முதல் நாளே பாருங்கள். பிரிட்டனில் ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாள வேலை என்று சொல்லி ரயிலை நிறுத்திவிட்டுப் பஸ் விடுவார்கள், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

காலை: விமானங்களுக்கு அருகில்

பறத்தல் பொதுவாக மதியத்துக்கு மேல்தான். காலையில் விமானங்கள் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும். அந்த வரிசையோரம் நடந்துபோக அனுமதி தருவார்கள். சில ஷோக்களில் இதற்குத் தனிக் கட்டணம் உண்டு, கொடுக்கலாம். பறத்தல் தொடங்கச் சில மணி நேரம் இருக்கும்போதே இந்த வழியை மூடிவிடுவார்கள். அதனால் வந்ததும் முதல் வேலை இதுதான். ஹாங்கர்களுக்குள் (விமானக் கொட்டகைகளுக்குள்) இருப்பவை எங்கும் போய்விடாது. ஆனால் 2ஆம் ஹாங்கரில் இருப்பவை பறக்கும் நிலையிலுள்ளவை, பாதி வெளியே வந்திருக்கும்.

இங்கே செய்ய வேண்டிய வீட்டுப்பாடம் ஒன்று உண்டு: எது எது என்று அடையாளம் பழகிக்கொள்வது. மேலே போனபின் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும்.

ஸ்பிட்ஃபயரில் முதலில் ப்ரொப்பல்லர் பிளேடுகளை எண்ணுங்கள். மூன்று என்றால் பெரும்பாலும் மார்க் 1, 2, 5 போன்ற ஆரம்ப வகை. நான்கு என்றால் மார்க் 9 வகை. ஐந்து என்றால் கிரிஃபன் எஞ்சின் பூட்டிய பிந்தைய வகை. பிறகு குனிந்து இறக்கைக்குக் கீழே பாருங்கள். ஆரம்ப வகைகளில் ஒரு பக்கம் பெட்டி போன்ற ரேடியேட்டர், மறுபக்கம் சிறிய ஆயில் கூலர் என்று இரண்டும் பொருந்தாமல் இருக்கும். மார்க் 9இல் இரண்டு பக்கமும் ஒரே அளவுப் பெட்டி. தலைக்கு மேல் புரளும்போதும் இந்த வேறுபாடு தெரியும்.

இன்னொரு பிரிட்டிஷ் போர் விமானமான ஹரிக்கேனின் ரேடியேட்டர் நடு வயிற்றில் தொங்கும், இறக்கை தடிமன், பின்னுடலுக்கு உலோகத் தகடு கிடையாது, துணிதான். அதன் சக்கரங்கள் உள்நோக்கி மடங்கும். ஸ்பிட்ஃபயருக்கு வெளிநோக்கி மடங்கும். அதனால்தான் தரையில் ஸ்பிட்ஃபயரின் கால்கள் நெருக்கமாக, சற்றுத் தடுமாற்றமாகத் தெரிகின்றன. அமெரிக்கப் போர் விமானங்களில் பி-51 மஸ்டாங்குக்கு வயிற்றுக்கு அடியில் பெரிய காற்றுவாய். பி-47 தண்டர்போல்ட் பருத்த உருவம், மூக்கில் 18 சிலிண்டர் ரேடியல் எஞ்சின் (சிலிண்டர்கள் வட்டமாக அமைந்தது), 46 லிட்டர் கொள்ளளவு. பக்கத்தில் நிற்கும் ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சின் 27 லிட்டர்தான்.

ஜெர்மன் சிலுவை போட்டு நிற்கும் 'மெசர்ஷ்மிட் 109' என்று அறிவிக்கப்படுவதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். மூக்குப் பகுதியில் புகைக்குழாய்கள் மேல்வரிசையில் இருந்தால் அது ஸ்பெயினில் தயாரான புச்சோன். ஜெர்மன் டெய்ம்லர்-பென்ஸ் எஞ்சின் தலைகீழாகப் பொருத்தப்படுவது, ஆகவே அசல் 109க்குப் புகைக்குழாய் தாழ்வாக இருக்கும். புச்சோனில் இருப்பது நிமிர்ந்த மெர்லின். எதிரி விமானத்துக்குள் ஸ்பிட்ஃபயரின் இதயம்! பறக்கும்போது சத்தமும் காட்டிக்கொடுத்துவிடும்.

உடலில் எழுதியிருக்கும் பெரிய எழுத்துகள் ஸ்குவாட்ரன் குறியீடு. முதல் இரண்டு எழுத்து படைப்பிரிவு, வட்டச் சின்னத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒற்றை எழுத்து தனி விமானம். கியூ-வி என்றால் 19ஆம் ஸ்குவாட்ரன். தமிழர்கள் கவனிக்க வேண்டியவை: ஏ-இசட் என்றால் 234ஆம் ஸ்குவாட்ரன், பி-எஸ் என்றால் 264. இரண்டுக்குமே அதிகாரப்பூர்வப் பெயரில் 'மெட்ராஸ் பிரெசிடென்ஸி' என்று உண்டு. குண்டுவீச்சுப் பிரிவான 102க்கு 'சிலோன்'. இந்தக் குறியீடுகளை உரிமையாளர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றி அடிப்பார்கள். போன வருடம் பார்த்த அதே விமானம் வேறு எழுத்தோடு நிற்கலாம். வால் பக்கம் சிறியதாக இருக்கும் தொடர் எண்தான் ஓரளவு நம்பகமான அடையாளம். இறக்கையிலும் உடலிலும் வெள்ளை, கறுப்பு என மாறி மாறி ஐந்து பட்டை இருந்தால் அது 1944 நார்மண்டி படையிறக்க நாள் வேஷம்.

நிற்க வேண்டிய இடம்

டக்ஸ்ஃபோர்டின் பெரிய குறை இது: பார்வையாளர்கள் ஓடுபாதைக்கு வடக்கே நிற்கிறார்கள், காட்சி தெற்கே நடக்கிறது. அதாவது சூரியன் உங்கள் முகத்தில். பிரிட்டனின் கோடைக்கால நேரப்படி சூரியன் நேர் தெற்கே வருவது ஏறக்குறைய மதியம் 1 மணிக்கு. பறத்தல் தொடங்கும் நேரமும் அதையொட்டித்தான்.

தெற்கு நோக்கி நின்றால் உங்கள் இடது கை கிழக்கு, எம்11 சாலை போகும் பக்கம். வலது கை மேற்கு, அமெரிக்கன் ஏர் மியூசியம் இருக்கும் பக்கம். ஓடுபாதையின் பெயர் 06/24 (திசைகாட்டியில் 60, 240 டிகிரி), அதாவது வடகிழக்கிலிருந்து தென்மேற்காகக் கிடக்கிறது. இங்கே வழக்கமான காற்று தென்மேற்கிலிருந்து வீசும். விமானம் காற்றை எதிர்த்தே ஏறும், எதிர்த்தே இறங்கும். ஆகவே பெரும்பாலான நாட்களில் எம்11 முனையில் ஓடத் தொடங்கி, இடமிருந்து வலமாக உங்களைக் கடக்கும்போது தரையை விட்டிருக்கும். இறங்கும்போதும் எம்11 சாலைக்கு மேலே தாழ்ந்து வந்துதான் தரை தொடும். காற்றுப்பை எந்தப் பக்கம் நீள்கிறது என்று பார்த்தால் அன்றைய கதை புரிந்துவிடும். கிழக்குக் காற்று அடித்தால் எல்லாம் தலைகீழ்.

இதை வைத்து இப்படித் திட்டமிடலாம். பறத்தலின் முதல் பாதியில் எப்படியும் வெளிச்சம் எதிரே. அந்த நேரத்தில் இடது முனைக்குப் போய் விமானங்கள் திரும்பி நிற்பதையும், எஞ்சினை முடுக்கிச் சோதிப்பதையும், ஓடத் தொடங்குவதையும் பாருங்கள். மூன்றரை மணிக்கு மேல் சூரியன் வலப்புறம் சரிந்ததும் நீங்களும் வலப்பக்கம் நகருங்கள். மேற்கு முனையில் நின்று இடதுபக்கமாகப் பார்த்தால் வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து விழும். விமானத்தின் ரிவெட் வரிசைகூடத் தெரியும். நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார நினைப்பவர்களுக்கும், குழந்தைகளோடு வருகிறவர்களுக்கும் நடுப்பகுதியே சரி. கழிப்பறை, சாப்பாடு, வர்ணனை எல்லாம் அங்கே பக்கம். ஆனால் நடு என்பதாலேயே அது சிறந்த இடம் என்று எண்ண வேண்டாம்.

எஞ்சின் விழிக்கும் நேரம்

ஒரு காட்சி முடியும் தருவாயில் அடுத்ததற்கான விமானங்கள் தரையில் உயிர்பெறத் தொடங்கிவிடும். வானத்திலிருந்து கண்ணை எடுங்கள்.

மெர்லின் எஞ்சின் என்றால், மூக்கருகே ஒருவர் தீயணைப்பானோடு நிற்பார். ப்ரொப்பல்லர் மெதுவாக ஒரு சுற்று, இரண்டு சுற்று, பிறகு ஒரு இருமல், ஒரு பக்கம் மட்டும் புகை, அப்புறம் பன்னிரண்டு சிலிண்டரும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். எரிபொருளைக் கொஞ்சம் அதிகமாக ஊட்டிவிட்டால் புகைக்குழாயிலிருந்து தீ நாக்கு நீளும். பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை, எஞ்சின் பிடித்ததும் காற்று அதை அணைத்துவிடும்.

ரேடியல் எஞ்சினின் வழி வேறு. சிலிண்டர்கள் வட்டமாக அமைந்திருப்பதால் நிறுத்தி வைத்திருக்கும்போது ஆயில் கசிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கும். திரவத்தை அமுக்க முடியாது. அப்படியே ஸ்டார்ட் செய்தால் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். அதனால் முதலில் ஆட்கள் ப்ரொப்பல்லரைக் கையால் பிளேடு பிளேடாகத் தள்ளிச் சுற்றுவார்கள். கை தடைபட்டால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஆயிலை வடித்துவிட்டுத்தான் மறுவேலை. எஞ்சின் பிடித்ததும் அந்த இடமே மறையும் அளவுக்கு எழும் நீலப் புகை மிச்சமிருந்த ஆயில்தான். காற்று உங்கள் பக்கம் வீசினால் அந்த வாசனை வரும். பி-17 ஃப்ளையிங் ஃபோர்ட்ரஸ் போன்ற நான்கு எஞ்சின் விமானத்தில் இது நான்கு முறை நடக்கும்.

ஸ்பிட்ஃபயர் தரையில் சூடாகிவிடும். ரேடியேட்டர் இறக்கைக்கு அடியில், ப்ரொப்பல்லர் தள்ளும் காற்று சரியாகப் படாத இடத்தில் இருக்கிறது. அதனால் பல விமானங்கள் சேர்ந்து போகும்போது ஸ்பிட்ஃபயரை மற்றவற்றுக்குப் பின்னால் காக்க வைக்கமாட்டார்கள். கடைசியில் ஸ்டார்ட் செய்து சீக்கிரம் ஏற்றிவிடுவார்கள். ஓடுபாதை முனையில் ஏதோ தாமதம் என்றால் ஸ்பிட்ஃபயர் விமானிகள் எஞ்சினை அணைத்துவிட்டு ஆறவிடுவதும் உண்டு. வர்ணனையாளர் ஏன் கதை சொல்லி இழுக்கிறார் என்று புரியாதபோது இதுவும் ஒரு காரணம்.

தரையில் நகரும்போது இந்த வால்சக்கர விமானங்கள் பாம்புபோல் வளைந்து வளைந்து போவதைக் கவனியுங்கள். மூக்கு உயர்ந்திருப்பதால் விமானிக்கு நேரே எதுவும் தெரியாது. ஒவ்வொரு வளைவிலும் 'புஸ்' என்று ஒரு சத்தம் கேட்கும், பிரிட்டிஷ் விமானங்களின் காற்றழுத்த பிரேக் அது. ஏறும்போது மெர்லின் ஸ்பிட்ஃபயர் இடப்பக்கம் இழுக்கும், விமானி வலது காலால் திசைச்சுக்கானை மிதித்துப் பிடிப்பார். கிரிஃபன் எஞ்சின் எதிர்த்திசையில் சுற்றுவதால் அது வலப்பக்கம் இழுக்கும். இரண்டையும் மாறி மாறி ஓட்டும் விமானிக்கு எந்தக் கால் என்பதே அன்றைய முதல் கேள்வி. இறங்கும்போது பலர் தார் ஓடுபாதையை விட்டுவிட்டு அதற்கு இணையாக இருக்கும் புல்தரையைத் தேர்ந்தெடுப்பார்கள். சக்கரம் சற்றுக் கோணலாகத் தொட்டாலும் புல் மன்னித்துவிடும், தார் மன்னிக்காது.

மேலே போனபின்

திரையில் பார்த்த வேகத்தையும் குட்டிக்கரணத்தையும் எதிர்பார்த்து வராதீர்கள். இவை எண்பது வயது இயந்திரங்கள். போர்க்கால முழுச் சக்தியை யாரும் பயன்படுத்துவதில்லை, எஞ்சின் ஆயுள் கரைந்துவிடும். கூட்டத்தின் தலைக்கு மேல் பறக்கவும் விதி அனுமதிக்காது. 2015 ஆகஸ்ட் 22 அன்று ஷோர்ஹாம் ஏர் ஷோவில் ஒரு ஹாக்கர் ஹண்டர் ஜெட் பக்கத்து ஏ27 சாலையில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். அதன்பின் பிரிட்டனின் விதிகள் நன்றாகவே இறுகின. பழைய ஜெட்டுகள் நிதானமாக வட்டமடித்துவிட்டுப் போவதைப் பார்த்துச் சலித்துக்கொள்பவர்களுக்கு இந்தப் பின்னணி தெரிந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு விமானியும் மேகத்தின் உயரத்துக்கு ஏற்ப மூன்று விதத் திட்டம் வைத்திருப்பார். வானம் தெளிவாக இருந்தால் லூப் உட்பட முழுக் காட்சி. நடுத்தர உயரம் என்றால் புரளல் மட்டும். மேகம் தாழ்ந்திருந்தால் தட்டையான வளைவுகள். ரசிகர்களில் பலருக்கு மூன்றாவதுதான் பிடிக்கும். விமானம் அருகிலேயே, இறக்கையின் மேற்பரப்பைக் காட்டியபடி வளைந்து போகும். மேகமூட்டம் என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

மேகத்தைவிடக் குறுக்குக் காற்றுதான் நிகழ்ச்சியைக் கெடுக்கும். வால்சக்கர விமானங்களுக்குப் பக்கவாட்டுக் காற்றில் தாங்கும் அளவு குறைவு. விமானப்படையின் பேட்டில் ஆஃப் பிரிட்டன் நினைவுப் பிரிவு லிங்கன்ஷர் கோனிங்ஸ்பியிலிருந்து வருகிறது. ஒரே நாளில் பல ஊர்களைத் தொட்டுப் போகும். டக்ஸ்ஃபோர்டில் வெயில் அடித்தாலும் கோனிங்ஸ்பியில் காற்று சரியில்லை என்றால் கிளம்பாது. அவர்களின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் பிஏ474, உலகில் பறக்கும் நிலையில் இருக்கும் இரண்டில் ஒன்று. மற்றது கனடாவின் ஹாமில்டனில். லங்காஸ்டரை மட்டுமே நம்பி டிக்கெட் வாங்காதீர்கள். அது வருவதாக இருந்தால் அறிவித்த நேரத்துக்கு நிமிடம் தவறாது வரும், அப்போது சாப்பாட்டு வரிசையில் நிற்காதீர்கள்.

பத்துக்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர்கள் சேர்ந்து பறப்பதுதான் செப்டம்பர் ஷோவின் உச்சம். எல்லாம் ஏறி, தூரத்தில் சுற்றி, ஒன்று சேரச் சில நிமிடங்கள் பிடிக்கும். அந்த இடைவெளியை நிரப்ப வேறொரு விமானம் காட்சி நடத்தும். 2019 வரை இங்கே நடந்த ஃப்ளையிங் லெஜண்ட்ஸ் ஷோவில் இந்தக் கடைசிப் பெருங்கூட்டத்துக்கு 'பால்போ' என்றும், அதற்கிடையே தனியாக விளையாட்டுக் காட்டும் விமானத்துக்கு 'ஜோக்கர்' என்றும் பெயர். கூட்டம் சேர்ந்து வரும்போது ஒரு நிமிடமாவது கேமராவைக் கீழே வையுங்கள். அத்தனை மெர்லினும் ஒன்றாக வரும் சத்தம் படத்தில் பதியாது.

கேமரா

எல்லோரும் செய்யும் தவறு ஷட்டர் வேகத்தை உயர்த்தி வைப்பது. ப்ரொப்பல்லர் அசையாமல் நின்றுவிடும். படம் கூர்மையாக இருந்தும், கயிற்றில் தொங்கும் பொம்மை போலிருக்கும். கணக்கு இதுதான்: மெர்லின் நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடும்போது, இடையில் பல்சக்கரம் இருப்பதால் ப்ரொப்பல்லர் ஏறக்குறைய 1,145 சுற்றுதான் சுற்றும். விநாடிக்கு 19. ஷட்டர் 1/1000 என்றால் அந்த நேரத்தில் பிளேடு நகர்வது 7 டிகிரி மட்டுமே. 1/250இல் 27 டிகிரி, 1/125இல் 55 டிகிரி. நான்கு பிளேடுக்கு இடைவெளி 90 டிகிரி. எனவே 1/250இல் தொடங்குங்கள், கை பழகியதும் 1/160, 1/125 என்று இறக்குங்கள். ஜெட் வந்தால் உடனே 1/1000க்கு ஏற்றுங்கள், அங்கே சுழல்வது தெரியாது.

மெதுவான ஷட்டரில் கேமராவை விமானத்தோடு சேர்த்து நகர்த்த வேண்டும். காலை ஊன்றி, காட்சி முடியும் திசைக்குப் பாதத்தைத் திருப்பி வைத்து, இடுப்பால் திரும்புங்கள். விமானம் வருமுன்பே பின்தொடரத் தொடங்கி, எடுத்தபின்னும் நிறுத்தாதீர்கள். பத்தில் இரண்டு தேறினால் நல்ல நாள். தொடர் ஃபோகஸ் முறையில் வையுங்கள். வானம் வெளுத்திருந்தால் வெளிச்ச ஈடுசெய்தலை +0.7 முதல் +1 வரை ஏற்றுங்கள், இல்லாவிட்டால் விமானத்தின் அடிப்பகுதி கறுத்துவிடும். 100-400 மி.மீ. லென்ஸ் போதும். மதிய வெயிலில் ஓடுபாதையின் மறுமுனையில் இருப்பதை எடுத்தால் கானல் அலையில் எல்லாம் கலங்கிவிடும். எத்தனை விலை லென்ஸும் அதைச் சரிசெய்யாது. அருகில் வரட்டும்.

கையில் என்ன, திரும்புவது எப்படி

தொப்பி, சன்ஸ்கிரீன், மழைக்கோட்டு மூன்றும் ஒரே நாளில் தேவைப்படும். திறந்த வெளி, மரநிழல் கிடையாது. தண்ணீர், சாப்பாடு கொண்டுபோகலாம். உள்ளே விலையும் வரிசையும் பெரிது. சிறு குழந்தைகளுக்குக் காது மூடி அவசியம். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

பழைய விமானங்களைப் பார்க்க இவ்வளவு தூரம் வரமுடியாதவர்களுக்கு ஒரு தகவல்: 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் நடந்த இந்திய விமானப்படை நிகழ்ச்சியில் ஒரு டகோட்டாவும் (போக்குவரத்து விமானம்) ஒரு ஹார்வர்டும் (பயிற்சி விமானம்) பறந்தன. அந்த இரண்டு வகைகளும் டக்ஸ்ஃபோர்டில் அடிக்கடி காணக் கிடைப்பவை. அன்று வெயிலிலும் வெளியேறும் நெரிசலிலும் மக்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். சிலர் உயிரோடு வீடு திரும்பவில்லை. எந்த ஊர் ஏர் ஷோவானாலும் கடைசி விமானம் இறங்கியதும் எல்லோரோடும் சேர்ந்து வாசலுக்கு ஓடாதீர்கள்.

டக்ஸ்ஃபோர்டில் கார் நிறுத்துமிடம் காலியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஹாங்கர்கள் மூடும் நேரத்தைக் காலையிலேயே கேட்டுவைத்துக்கொண்டு, காலையில் விட்டதை அப்போது பாருங்கள். வெளியூரிலிருந்து வந்த விமானங்கள் தங்கள் தளத்துக்குத் திரும்பிக் கிளம்புவதும் அந்த நேரத்தில்தான். வர்ணனையும் இருக்காது, தடுப்பு வேலியோரம் கூட்டமும் இருக்காது, சூரியனும் மேற்கே இருக்கும்.